டிஜிட்டல் தொழில்நுட்பமும் சமூக ஆய்வும்: ஆய்வுநெறி பற்றிய சில கருத்துக்கள்

டிஜிட்டல் தொழில்நுட்பம் சமூகத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்னும் வினா பட்டப்பின் ஆய்வாளர் பலரை இன்று ஈர்த்துள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின், அவ்வினாவிலேயே ஒரு முடிவு முன்கூட்டி அடங்கியுள்ளது. தொழில்நுட்பம் எழுவாயாகின்றது, சமூகம் வெறும் செயப்படுபொருளாக நின்றுவிடுகின்றது.

ஊடகத்தின் இயல்பே சமூகத்தை நிர்ணயிக்கின்றது என 1964 இல் மார்ஷல் மக்லூகன் வாதிட்டார். தொலைக்காட்சி பற்றி 1974 இல் எழுதிய ரேமண்ட் வில்லியம்ஸ் அதனை மறுத்து, தொழில்நுட்பம் சமூகத் தேவைகளுக்கும் அதிகார உறவுகளுக்கும் உட்பட்டே உருவாகின்றது என்றார். இவ்விவாதம் பழையதெனினும் அதன் பயன் இன்னும் தீர்ந்துவிடவில்லை. எமது நாட்டு அனுபவங்கள் இதற்குச் சான்று பகரும்.

பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஜூலையில், கியூஆர் குறியீட்டின் வழியாக எரிபொருளைப் பங்கிடும் முறை நடைமுறைக்கு வந்தது; 2023 செப்டெம்பரில் அது நீக்கப்பட்டது. வரிசைகளைக் குறைத்தமை அதன் சாதனையாகக் கொள்ளப்படும். ஆயின், தொடக்கத்தில் முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றரும் மோட்டார் காருக்கு 20 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. குறியீடு வாகனத்தின் வகையை அறியும். அவ்வாகனத்தை நம்பி ஒரு குடும்பம் உண்கின்றதா என்பதை அறியாது. கொம்பனித்தெருவில் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கும், அருகே எழுந்துள்ள மாடிக் குடியிருப்பில் கார் வைத்திருப்பவருக்கும் ஒரே தொழில்நுட்பம் இருவேறு பொருள் தந்தது. அவ்வேறுபாடு கருவியில் பிறந்ததன்று. ஒதுக்கீட்டு விதியை வகுத்தோரின் நோக்கில் பிறந்தது.

மொழியும் இவ்வாறே புறக்கணிக்கப்படுகின்றது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்செயல்கள் நிகழ்ந்தபோது, சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புரைகள் பேஸ்புக்கில் பரவின. அந்நிறுவனம் 2020 இல் தன் பங்கிற்கு வருத்தம் தெரிவித்தது. பகைமையைப் பேஸ்புக் படைத்ததெனக் கூறல் பொருந்தாது. இனமுரண்பாடு அதற்கு முற்பட்டது. அதே வேளை, கருவி குற்றமற்றதெனக் கூறலும் பொருந்தாது. பரவலை இலாபமாகக் கொண்ட நிறுவனம், அம்மொழியை வாசித்து அறிவோரைப் போதியளவு நியமிக்கவில்லை. முதலீட்டின் தர்க்கமும் இனமுரண்பாடும் சந்தித்த இடத்தையே ஆய்வாளர் நோக்குதல் வேண்டும்.

கொம்பனித்தெரு போன்ற பகுதி இவ்வகை ஆய்வுக்குச் சிறந்த களமாகும். தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் அங்கு நெருங்கி வாழ்கின்றனர். வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, அலுவலகப் படிவத்தில் பிறிதொரு மொழி என ஒருவரே வழங்குதல் அங்கு இயல்பு. தாய்மொழி யாதென ஒரே கட்டத்தில் அடையாளமிடச் சொல்லும் வினாக்கொத்து அவ்வாழ்வைப் பிடிக்காது. நாள் ஒன்றுக்கு எத்தனை மணிநேரம் கைத்தொலைபேசி பார்க்கின்றீர் எனக் கேட்டு நூற்றுவீதம் கணிப்பதும் போதாது. பெற்றோருக்காகப் படிவம் நிரப்பும் பிள்ளை, ஒரே தொலைபேசியைப் பகிரும் குடும்பம், இணையத்தில் பதியத் தெரியாது பிறரை நாடும் முதியவர் ஆகியோர் அட்டவணையில் தோன்றுவதில்லை.

புள்ளிவிவரம் வேண்டா என்பது எமது கருத்தன்று. விதியை வகுத்தவர் யார், எம்மொழியில் வகுத்தார், அதனால் நயம் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்னும் வினாக்கள் புள்ளிவிவரத்துக்கு முன்னே எழுதல் வேண்டும் என்பதே எமது துணிபு. அவை எழாதவிடத்து ஆய்வேடு பட்டத்தைப் பெற்றுத் தரலாம், சமூகத்தை விளக்காது.