வடசென்னைக் கதைகளில் பதினாறு வயது

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. அதன் நாயகன் சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்டிப்போட வேண்டுமென்று போனவன் ஆளையே முடித்துவிட்டு வருகிறான். அதற்குப் பிறகு எட்டு நாள் அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். நாவலின் உயிர் அந்த எட்டு நாளில்தான் இருக்கிறது. பசி, தூக்கம், வீட்டு நினைப்பு, அப்பனோடு பேசித் தீராத பேச்சு எல்லாம் பையனின் கண் வழியாகவே வருகின்றன. 2019இல் வெற்றிமாறன் இதை ‘அசுரன்’ என்று படமாக்கியபோது கதை அப்பனிடம் போய்விட்டது. தனுஷ் நடித்த சிவசாமியின் பழைய காயம் படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, பையன் அப்பனால் காப்பாற்றப்பட வேண்டிய அவசரக்காரப் பிள்ளையாகிவிட்டான். எனக்குப் பிடித்த படம்தான். ஆனாலும் சிதம்பரம் இழந்த இடம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதுகலைத் தமிழ் ஆய்வுக்காக இளையோரைப் பற்றிய புனைவுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த இடமாற்றம் அடிக்கடி கண்ணில் படுகிறது. பிள்ளைகளைப் பற்றித் தொடங்கும் கதை பெரியவர்களின் கதையாக முடிகிறது. நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பகுதியைப் பற்றிய கதைகளிலும் படங்களிலும் இது இன்னும் அழுத்தமாக நடக்கிறது என்பது என் வாதம். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் வளரும் பிள்ளைக்குக் கதையில் வீரம் உண்டு, பழி உண்டு, சாவு உண்டு. பதினாறு வயது மட்டும் இல்லை.

பதினாறு வயது என்று நான் சொல்வது தன்னைப் பற்றி யோசிக்கக் கிடைக்கும் அவகாசத்தை. தமிழில் அந்த அவகாசத்தை முழுதாக எழுதிக்காட்டியவர் ஆதவன். ‘என் பெயர் ராமசேஷன்’ நாவலின் கல்லூரி மாணவன் தன் நண்பர்களையும் பெண்களையும் பெற்றோரையும் பார்த்துக்கொண்டே, எல்லோர் முன்னாலும் தான் போடும் வேஷத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்படிப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்கிறது. சோறு யார் போடுவார்கள் என்ற கவலை அவனுக்கு இல்லை. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) சந்திரசேகரனுக்கும் அப்படித்தான். செகந்தராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் அவன் வாழ்க்கைக்குள் ஐதராபாத் நிஜாமின் கடைசி நாட்களும் அவருக்கு ஆதரவான ரஜாக்கர் படையும் மெல்ல நுழைகின்றன. வரலாறு அவனுக்குப் பாடமாக வரவில்லை. மைதானத்துக்குப் போகும் வழியில் வருகிறது. அந்த நாவலுக்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

எதிர்ப்பக்கத்தில் பெருமாள்முருகன் இருக்கிறார். ‘நிழல்முற்றம்’ (1993) சிறுநகரத் திரையரங்கில் சோடா விற்கும் பையன்களைப் பற்றியது. ‘கூளமாதாரி’ (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. இந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடையாது. ஆனால் பெருமாள்முருகன் வேலைக்கு நடுவிலேயே இளமையைக் கண்டுபிடிக்கிறார். இடைவேளை மணிக்குள் சரக்கை விற்றுத் தீர்க்கும் பரபரப்பு, ஆடுகளை விட்டுவிட்டு ஆடும் ஆட்டம், ஒருவனை ஒருவன் சீண்டுவது, திருட்டுத் தீனி, இரவில் படுக்க இடம் பிடிப்பது என்று வேலைக்கும் விளையாட்டுக்கும் நடுவே கோடு போட முடியாத ஒரு வயதை அவர் பொறுமையாக எழுதினார். 2023இல் யுவ புரஸ்கார் பெற்ற ராம் தங்கத்தின் ‘திருக்கார்த்தியல்’ கதைகளில் விடுதிப் பையனின் பசியும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. உழைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இளமையே இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது என்பதற்கு இவை சாட்சி. நின்று பார்க்கும் எழுத்தாளர் கிடைத்தால் போதும்.

சென்னைக்கு அப்படி முதலில் கிடைத்தவர் ஜெயகாந்தன். ஜனசக்தி அச்சகத்தில் பையனாக வேலை செய்து வளர்ந்தவர் அவர். ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையை அவரே 1965இல் படமாக எடுத்தார். அதில் வரும் சிட்டி சேரிப் பையன். அம்மாவின் வாழ்க்கையில் வேறொரு ஆண் வந்ததைத் தாங்க முடியாத மகன். சேரி என்றதும் கத்தியையும் சாராயத்தையும் தேடாமல், ஒரு பிள்ளையின் கோபத்துக்கும் ஒரு தாயின் ஆசைக்கும் ஒரே அளவு இடம் கொடுத்த படைப்பு அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கோபம் புதிதாகவே இருக்கிறது. சிட்டி யாரையும் வெல்ல வேண்டியதில்லை. கோபப்படுவதும் உடைந்துபோவதும்தான் அவன் கதை.

அதற்குப் பின் வந்த வடசென்னைக் கதைகளில் பையன் ஏதாவது ஒன்றை வென்றாக வேண்டும். 2014இல் ‘மெட்ராஸ்’, 2018இல் ‘வட சென்னை’, 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’. மூன்றுமே இந்த மண்ணை மரியாதையோடு பார்த்த படங்கள். எங்கள் பேச்சைக் கேலிக்கு வைக்காமல் திரைக்குக் கொண்டுவந்ததற்கு நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ‘வட சென்னை’யின் அன்பு கேரம் விளையாடிப் பேர் வாங்க நினைத்தவன். ‘மெட்ராஸ்’ காளி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன். ‘சார்பட்டா’ கபிலன் துறைமுகத் தொழிலாளி. கேரமும் ஐ.டி. வேலையும் துறைமுகமும் படம் தொடங்கும்போது இருக்கின்றன. போகப்போக கேரம் போர்டு சிறைக்குள் நடக்கும் பகைக்குச் சாக்காகிறது. காளியின் அலுவலகம் மறைந்து, கட்சிகள் சண்டையிடும் சுவர் மட்டும் நிற்கிறது. கபிலனின் துறைமுக வேலையை குத்துச்சண்டை மேடை விழுங்கிவிடுகிறது. மூட்டை தூக்கும் தோளுக்கும் குத்துவிடும் தோளுக்கும் என்ன உறவு என்று அறிய எனக்கு ஆசை. படத்துக்கு அவசரம்.

கேரமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே தெருவுக்குத் தெரு ஒரு மன்றம் இருக்கும். சாயங்காலமானால் போர்டுக்கு மேலே குண்டு பல்பு தாழத் தொங்கும். போரிக் பவுடரைத் தூவி உள்ளங்கையால் தேய்த்துவிட்டு, ஸ்ட்ரைக்கரை வைத்துக் கண்ணை ஒடுக்கிப் பார்க்கிற பையனைச் சுற்றிப் பத்துப் பேர் மூச்சுவிடாமல் நிற்பார்கள். அவன் படிப்பில் எப்படி, வேலைக்குப் போகிறானா, வீட்டில் என்ன சண்டை என்று யாரும் அங்கே கேட்பதில்லை. எந்த வீட்டிலும் கிடைக்காத அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். படத்தில் போர்டு வருகிறது, இந்த ஒன்றரை மணி நேரம் வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. கேரமில் இந்தப் பகுதியின் பேரை உலகத்துக்குச் சொன்னவர்களில் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனவர். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் பதினேழு வயதில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். கதையில் கேரம் ஆடுகிறவன் ஆண்.

நாவலில் நிலைமை சற்று மேல். தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ (2018) சிந்தாதிரிப்பேட்டையைப் பற்றியது. கூவக்கரையானாலும் எங்களுக்குச் சொந்தக்கார ஊர்தான். கோயிலும் சபையும், பேய் பிடிப்பதும் ஜெபம் செய்வதும், பாட்டியின் ஆட்சியும் கலந்த வீட்டுக்குள் ஒரு பிள்ளை எப்படி வளர்கிறது என்பதை அவசரமில்லாமல் எழுதினார். சென்னைத் தமிழை வசனத்துக்குள் அடைத்துவைக்காமல் உணர்வுகளின் மொழியாக்கினார். கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’, ‘அறுபடும் விலங்கு’ ஆகிய நாவல்கள் இந்நகரைக் கட்டிய உழைப்பாளிகளைப் பேசுகின்றன. பாக்கியம் சங்கரின் ‘நான்காம் சுவர்’ கட்டுரைகள்தான், ஆனாலும் பல சிறுகதைகளைவிட மனிதர்களால் நிறைந்தது. ஷாலின் மரிய லாரன்ஸின் ‘வடசென்னைக்காரி’யும் கட்டுரைத் தொகுப்பே. பெண் குரல் தேடிப் போனால் எங்கள் பகுதியில் புனைவைவிடக் கட்டுரையில்தான் முதலில் கிடைக்கிறது.

பெண் பிள்ளை புனைவில் எங்கே என்று தேடினால் ‘இறுதிச்சுற்று’ (2016) மதி நினைவுக்கு வருகிறாள். மீன் விற்கிறவள், வாயாடி, கைநீளக்காரி இல்லை, கைவேகக்காரி. அவளையும் கண்டெடுக்க வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வர வேண்டியிருக்கிறது. தமிழ்ப் புனைவில் பெண்பிள்ளையின் வயதை உள்ளிருந்து எழுதிய மரபு இல்லாமல் இல்லை. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’, சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் ராபியா, இரா. நடராசனின் ‘ஆயிஷா’ மூன்றும் என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பூப்படைவதும் வீட்டுக்குள் அடைபடுவதும் கேள்வி கேட்டதற்காக அடி வாங்குவதும் அங்கே எழுதப்பட்டுவிட்டன. காசிமேட்டில் விடியுமுன் அம்மாவோடு ஏலத்துக்குப் போய், கூடைக்கு ஐஸ் உடைத்துப் போட்டு, செதிலைக் கழுவிவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் வகுப்பில் ஜன்னலோரம் தேடி உட்காரும் பெண் இன்னும் எழுதப்படவில்லை. அவள் என் பள்ளித் தோழி.

மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒரு முறை ‘வெக்கை’யின் கதையைச் சொன்னேன். பையன்கள் வெட்டு நடந்த இடத்தையே திரும்பச் சொல்லச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அக்கா, அந்த எட்டு நாளும் அவங்கம்மா எங்க இருந்தாங்க? யார் வீட்ல சாப்ட்டாங்க?” என்று கேட்டாள். நாவலில் தாய் உண்டு, ஆனால் ஓரத்தில். தலைமறைவான ஆணுக்குக் காடு. போலீஸ் வந்து நிற்கும் வீட்டில் இருப்பவளுக்கு என்ன என்பதை எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு நாவலே தொடங்கலாம்.

அடுத்த குறை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. இது ஆலைகளின் ஊர். எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய நிறுவனம். என்ஃபீல்டு 1955 முதல் இங்கே இருக்கிறது. எண்ணூரில் அசோக் லேலண்ட், அப்பால் அனல்மின் நிலையங்கள், துறைமுகம். எங்கள் தாத்தாக்களின் தலைமுறைக்கு ஆலை என்றால் நிரந்தர வேலை, சங்கம், கேன்டீன் சாப்பாடு, போனஸுக்குத் துணிமணி. என் வயதுப் பையனுக்கு ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டிஸ், அது முடிந்ததும் கான்ட்ராக்ட், அது முடிந்ததும் வேறொரு கான்ட்ராக்ட். வேலை இருந்தும் வேலைக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாத இந்த நிலைதான் இன்றைய வடசென்னை இளைஞனின் கதை. கல்யாணம் தள்ளிப்போவதும் பைக் தவணையும் அப்பாவின் பென்ஷன் மீதான பொறாமையும் இதற்குள் இருக்கின்றன. ரவுடியின் கதையைச் சொல்ல இத்தனை பேர் வந்தார்கள். ரவுடியாகாமல், ஷிஃப்ட் மாறி ஷிஃப்ட் போய்வரும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கதைக்கு ஆள் வரவில்லை.

இங்கேதான் அசோகமித்திரன் தேவைப்படுகிறார். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது. பக்கெட்டால் அள்ளியவர்களில் இளைஞர்கள் எத்தனை பேர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை முகத்துவாரத்துக்குள் புகுந்து, படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கடல்வழி வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, சுற்றியுள்ள குப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். செய்தியில் இதெல்லாம் விபத்து. ஒரு பிளஸ் டூ பையனுக்கு அன்றைக்குக் கண்ணெரிச்சலோடு தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ராத்திரி. சந்திரசேகரனின் மைதானத்துக்குள் ஐதராபாத்தின் வரலாறு வந்ததுபோல, எங்கள் பிள்ளைகளின் மன்றத்துக்குள்ளும் டியூஷனுக்குள்ளும் இந்த வரலாறு வந்துவிட்டது. எழுத்து மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பிள்ளைகள் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வந்தது நல்ல காரியம். தேன்சிட்டு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பிலிருந்து கைடும் வினா வங்கியும்தான். சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் முப்பத்தைந்து வயதுக்குள் எழுதுகிறவருக்கு. வாசிக்கிறவர் இளையவரா என்பது அதில் கணக்கில்லை. அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் பள்ளியில் படிக்கும்போதே எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்தது. டல்சா நகரின் ஏழைப் பையன்களின் கோஷ்டிச் சண்டைதான் கதை. ஆனால் சொல்கிறவன் பதினான்கு வயதுப் பையன். புத்தகம் படிப்பான், தனியாகப் படம் பார்க்கப் போவான். கடைசியில் நாம் படித்தது முழுவதும் அவன் பள்ளிக்கு எழுதிக் கொடுத்த கட்டுரை என்று தெரியவரும். சண்டையைச் சண்டைக்காரன் வயதிலிருந்தே சொன்னதால்தான் அந்த நாவல் இத்தனை தலைமுறை தாண்டியும் நிற்கிறது.

அதைப் படித்த பிறகு டியூஷன் பிள்ளைகளுக்கு ‘நான் கண்ட பொருட்காட்சி’ தலைப்பை நிறுத்திவிட்டு, வீட்டில் யார் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், கன்டெய்னர் லாரியில் கிளீனராகப் போகும் தன் அண்ணனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினான். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும் லாரி, டயர் மறைவில் பம்ப் ஸ்டவ், தக்காளி கரைத்து ஊற்றிய குழம்பு, வரிசை நகர்ந்தால் பாதி வெந்த சோற்றோடு ஏறிக்கொள்வது எல்லாம் அதில் இருக்கிறது. அண்ணன் படிப்பை விட்டது ஏன் என்ற இடத்தில் கட்டுரை சட்டென்று நிற்கிறது. மீதியையும் எழுது என்றேன். அண்ணன் ட்ரிப் முடிந்து வந்ததும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவானாம். தானாக எழுதினால் பொய்யாகிவிடும் என்கிறான்.