பிடியரிசியும் கியூஆர் அட்டையும்: யாழ்ப்பாணமும் திருநெல்வேலியும்

1902இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையைக் கொண்டு, கடலுக்கு இக்கரையிலுள்ள தொண்டியில் ஊழியம் நடத்திவந்ததை அறிந்தார். வெளிநாட்டு மிஷன் பணத்தை நம்பாத அந்தக் கொடை அவரை உலுக்கியது. அந்த உந்துதலில் 1903 பிப்ரவரி 12இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அதன் ஊழியர்கள் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார்கள். கொடுப்பதில் யாழ்ப்பாணத்துக்குத் திருநெல்வேலி பட்ட கடன் இது.

இரு கரைக்கும் பொதுவான பழைய வழி பிடியரிசி. உலை வைக்குமுன் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவாள். சேர்ந்ததைச் சபை விற்றுப் பணமாக்கும். கையில் காசு புழங்காத பெண்களையும் கொடுப்பவர்களாக ஆக்கியது இந்த முறை.

அதன்பிறகு இரு ஊரும் வெவ்வேறு வழியில் நடந்தன. திருநெல்வேலியில் கொடுப்பது ஊரறிய நடக்கும் காரியம். சபை உறுப்பினர் கட்டும் சங்கக் காணிக்கை குடும்பவாரியாகப் பதிவேட்டில் ஏறும். அதில் பாக்கி வைத்தவருக்குச் சபைத் தேர்தலில் வாக்குரிமை சிக்கலாகும். பிறந்தநாள், கல்யாணநாள் ஸ்தோத்திரக் காணிக்கைகளைப் பெயர் சொல்லி வாசிப்பார்கள். அறுப்பின் பண்டிகையில் சேவலும் பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலத்துக்கு வரும். ‘ஒருதரம், ரெண்டுதரம்’ என்று குரல் ஏற ஏற, சந்தையில் சில நூறு ரூபாய் பெறும் சேவல் ஆயிரங்களைத் தாண்டும். எடுத்தவர் பலசமயம் அதைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பார். அதே சேவல் மறுபடி ஏலத்துக்கு வரும்.

யாழ்ப்பாணத்திலும் அறுவடை விழாவுக்கு வாழைக்குலையும் மரக்கறியும் வரும், ஏலமும் உண்டு. ஆனால் நீண்ட போரும் இடப்பெயர்வும் கொடுக்கும் குடும்பங்களையே சிதறடித்துவிட்டன. 2009இல் போர் முடிந்த பின் கூரை மாற்றுவதற்கும் மதில் கட்டுவதற்கும் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளின் பணம் பெரிய துணையாயிற்று. சொந்த ஊர்க் கோயிலின் மேல் அவர்களுக்குள்ள பாசம் மெய்யானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

வெளிநாட்டுப் பணத்தைப் பெறுவதில்தான் இரு நாட்டுச் சட்டமும் வேறுபடுகிறது. இந்தியாவில் வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட மகன் தன் ஊர்ச் சபைக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால், அந்தச் சபைக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து அனுப்புவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. யாழ்ப்பாணத்துப் புலம்பெயர்ந்தவர்களில் மிகப் பலர் வேற்றுநாட்டுக் குடிமக்கள். அவர்களுடைய பணத்துக்கு இலங்கையில் இத்தகைய தடுப்பு இல்லாததும் அத்தனை கூரைகள் எழ ஒரு காரணம்.

இப்போது கியூஆர் அட்டை வந்திருக்கிறது; அங்கே லங்காகியூஆர், இங்கே யூபிஐ. நல்ல வசதிதான். ஆனால் கைபேசியில் போகும் காணிக்கைக்கும் ரசீது வேண்டும், பொருளாளர் வாசிக்கும் வரவு செலவுக் கணக்கில் தனி வரி வேண்டும்.

திருநெல்வேலிச் சபைகள், இல்லாதவனை ஏலத்தின் உரத்த குரல் கூசவைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணச் சபைகள் திருநெல்வேலியைப் பார்த்து, உள்ளூர்க் குடும்பம் ஒவ்வொன்றையும் மாதக் காணிக்கைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். வெளியூர்ப் பணம் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தும். குருவானவரின் சம்பளத்தையும் விதவைக்கான உதவியையும் மாதந்தவறாமல் நடத்துவது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் சிறு தொகைதான். அந்தச் சிறு தொகையைக் கொடுப்பவர்தான் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்பார், கேட்கவும் வேண்டும்.