புதியவர் சுமக்கும் 14 மட்டைகள்

கோல்ஃப் பயிலத் தொடங்குபவர் 14 மட்டைகளும் நிறைந்த முழுத் தொகுதியை முதலிலேயே வாங்கிவிட வேண்டும் என்றும், பாதித் தொகுதியோடு தொடங்குவதெல்லாம் பழங்காலத்துச் சிக்கனம் என்றும் ஓர் அபிப்பிராயம் இப்போது வேரூன்றியிருக்கிறது. விற்பவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. நெடுங்காலம் ஆடித் தேர்ந்தவர்களும், பிறருக்குக் கற்பிப்பவர்களுமே அதற்குப் பரிந்து பேசும்போதுதான் மௌனமாக இருக்க முடியவில்லை.

இந்த வழக்கத்தில் சில அனுகூலங்கள் உண்டு. எடையும் தண்டும் ஒன்றுக்கொன்று இசைந்த மட்டைகள் ஒருசேரக் கிடைக்கின்றன. தனித்தனியாக வாங்குவதைவிடச் செலவும் குறைவு. மட்டைத் தலையின் எடையை ஓரங்களுக்குப் பகிர்ந்து வார்க்கும் முறையைக் கார்ஸ்டன் சோல்ஹைம் பரப்பிய பின்பு, நடுவில் படாத பந்துகூட ஓரளவு நேராகச் செல்கிறது. ஆயினும் இவையெல்லாம் நல்ல மட்டைகளை வாங்குவதற்குக் காரணங்களாகுமேயன்றி, பதினான்கை வாங்குவதற்குக் காரணமாகமாட்டா.

அந்த எண்ணிக்கை ஏற்பட்ட வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1934, 1935 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரிட்டிஷ், அமெரிக்க அமெச்சூர் பட்டங்களை ஒருசேர வென்ற லாசன் லிட்டில், இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மட்டைகளைப் பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு கருவி என்றாகிவிட்டால் ஆடுபவரின் சாமர்த்தியத்துக்கு என்ன வேலை என்ற கவலை வலுத்து, அமெரிக்கச் சங்கம் 1938இலும், செயின்ட் ஆண்ட்ரூஸிலுள்ள ஆர் அண்ட் ஏ 1939இலும் இந்த உச்சவரம்பை விதித்தன. மகா நிபுணர்களின் பேராசையைக் கட்டுப்படுத்த இட்ட வரம்பை, பந்தை இன்னும் ஒழுங்காக எழுப்பத் தெரியாதவருக்கு அத்தியாவசியத் தேவையாக விதிப்பது எந்த வகையில் நியாயம்? சிக் எவன்ஸ் 1916ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனை வென்றது ஏழே மட்டைகளால். அவர் அன்று எடுத்த 286 என்ற கணக்கை அடுத்த இருபது ஆண்டுகள் அந்தப் போட்டியில் எவரும் குறைக்கவில்லை.

என்னுடைய பிரதானமான ஆட்சேபம் மட்டைகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றியது. அடுத்தடுத்த இரண்டு அயர்ன்களுக்கு இடையே முகச் சாய்வில் மூன்று நான்கு பாகையும், தண்டின் நீளத்தில் அரை அங்குலமும்தான் வேறுபாடு. வீச்சு படிந்துவிட்டவருக்கு இது பத்துப் பதினைந்து கஜ தூரமாகப் பலிக்கும். புதியவரோ அதே ஏழாம் எண் அயர்னால் ஒரு பந்தை 130 கஜம் அனுப்புவார். அடுத்ததைத் தரையோடு உருட்டுவார். மூன்றாவதை வலப்புறத்து மரங்களுக்குள் செலுத்துவார். அவருடைய கையில் ஆறும் ஏழும் எட்டும் ஒரே மட்டைதான். ஒரே மட்டை என்று அவர் அறியாததனால், பிழை நேர்ந்த ஒவ்வொரு தடவையும் வீச்சைச் சோதிக்காமல் மட்டையைக் குறை சொல்லி, அடுத்த தடவை வேறொன்றை உருவுகிறார். எந்த மட்டையிலும் அப்பியாசம் ஊன்றுவதற்குள் அதைக் கைவிட்டுவிடுகிறார். போதாக்குறைக்கு, எண்களும் பழைய எண்களாக இல்லை. முன்பு 35 பாகைக்கு மேல் சாய்ந்திருந்த ஏழாம் எண் அயர்ன், பந்து நெடுந்தூரம் போவதாகக் காட்டும் பொருட்டு, இன்று பல தொகுதிகளில் 30 பாகைக்கே நிமிர்த்தப்பட்டிருக்கிறது. அதன் விளைவாகப் பிட்சிங் வெட்ஜுக்குக் கீழே ஓர் இடைவெளி உண்டாக, அதை நிரப்ப இன்னொரு வெட்ஜும் விற்கப்படுகிறது.

மட்டைகள் குறைவாக இருக்கும்போது நிகழ்வதைப் பாருங்கள். இரண்டு மட்டைகளுக்கு நடுவிலான தூரத்தில் பந்து கிடந்தால், பிடியைத் தாழ்த்தியோ, வீச்சைச் சுருக்கியோ, பந்தைப் பின்பாதத்தை நோக்கித் தள்ளி வைத்தோ அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நிர்ப்பந்தமே உத்தமமான ஆசான். பெட்ரேன்யா கடற்கரையில் ஒரு மூன்றாம் எண் அயர்னை மட்டும் வைத்துக்கொண்டு ஆடிய சிறுவன் செவே பாயெஸ்டெரோஸ், பந்தை உயர்த்தவும் தாழ்த்தவும் மணலிலிருந்து மெல்ல எடுக்கவும் அந்த ஒன்றாலேயே கற்றுக்கொண்டான்; பிற்காலத்தில் உலகம் அதிசயித்த அவனுடைய கைத்திறன் அந்த இல்லாமையில் விளைந்தது. எல்லாமே இருக்கும் பையைத் தோளில் மாட்டிவிட்டால், இந்தக் கல்வியின் வாசலையே அடைத்துவிடுகிறோம்.

வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றவை பையில் கிடக்கட்டுமே என்பார்கள். கிடப்பதில்லை. கைக்கெட்டும் மட்டை ஒவ்வோர் அடிக்கும் முன்பு மனத்தைக் கலைக்கிறது. டிரைவரோ அந்த வகையில் எல்லாவற்றிலும் கொடியது. சுமார் 45 அங்குலத் தண்டும் பத்துப் பாகை அளவே சாய்ந்த முகமும் உள்ள அது, சிறு பிசகையும் பெருங்கோணலாக்குகிறது. அதை வலுவாக ஓங்கப் பழகிய தோள்கள் பிறகு எட்டாம் எண் அயர்னையும் அப்படியே ஓங்குகின்றன.

ஐந்தாம் எண் உட், ஆறு, எட்டு எண் அயர்ன்கள், பிட்சிங் வெட்ஜ், மணற்குழிக்கு ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு புட்டர்: முதல் ஆண்டுக்கு இந்த ஆறு போதும். எட்டாம் எண்ணால் அடித்த பந்துகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழத் தொடங்கி, அதற்கும் ஆறாம் எண்ணுக்கும் இடையிலான தூரம் அவருக்கே ஒரு குறையாகத் தோன்றும் நாளில் ஏழாம் எண்ணை வாங்கட்டும். தொகுதியாகவன்றித் தனி மட்டை கிடைப்பதில்லை என்றால், பழைய மட்டைகள் விற்கும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். டிரைவரை இரண்டாம் ஆண்டுக்கு முன் வாங்கச் சொல்பவர் எத்தனை பெரிய ஆட்டக்காரராயினும் அவரோடு நான் உடன்படமாட்டேன்.