தால் ரியாட்டா: குடியேற்றக் கதையும் இருகரை அரசும்

கி.பி. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் வடகிழக்கு முனையிலும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் விளங்கிய கேலிக் மொழியினரின் அரசு தால் ரியாட்டா எனப்படுகிறது. ஒருபுறம் இன்றைய அன்ட்ரிம் பகுதியின் வடகோடி. மறுபுறம் ஆர்கைல் நிலப்பரப்பும் ஐலா, ஜூரா, மல் முதலான தீவுகளும். இவற்றைப் பிரிக்கும் வடக்குக் கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 20 கி.மீ. அகலமே உடையது. தெளிந்த நாளில் அன்ட்ரிம் கரையில் நிற்பவருக்குக் கின்டயர் முனை கண்ணுக்குத் தெரியும்.

இவ்வரசின் தோற்றம் பற்றிப் பாடநூல்கள் நெடுங்காலம் ஒரே செய்தியைக் கூறிவந்தன. ஏர்க் என்பவரின் மகனான ஃபெர்கஸ் மோர் கி.பி. 500ஐ ஒட்டித் தம் மக்களுடன் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து ஆர்கைலில் அரசு நிறுவினார்; ஸ்காட்லாந்தின் பெயரும் மொழியும் அரசமரபும் அக்குடியேற்றத்தின் வழி வந்தவை என்பதே அது. 2001இல் ஆன்டிக்விட்டி இதழில் தொல்லியலாளர் இவான் காம்பெல், ஸ்காட்டியர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள்தாமா என்ற வினாவை எழுப்பி இக்கதைக்குத் தொல்லியல் அடிப்படை இல்லை என வாதிட்டார். அதன்பின் நிகழ்ந்த விவாதம் பெரும்பாலும் எந்தக் கரை மூத்தது என்ற வினாவையே சுற்றிவருகிறது. இரு கரையையும் ஒருசேர ஆண்ட அரசு ஒன்று நெடுங்காலம் நிலைத்திருந்தது என்ற கருத்தோ இரு தரப்பாராலும் போதிய அளவு சோதிக்கப்படவில்லை. மூலங்களை மீண்டும் படிக்கும்போது சோதனைக்கு முதலில் உரியது அக்கருத்தே எனத் தோன்றுகிறது.

ஒரு குடியேற்றம், மூன்று கதைகள்

ஃபெர்கஸ் கதையின் முதன்மைச் சான்று டிகெர்னாக் ஆண்டுப்பதிவில் 501ஐ ஒட்டி வரும் ஒரு குறிப்பு. ஃபெர்கஸ் தால் ரியாட்டா மக்களுடன் பிரித்தானியத்தின் ஒரு பகுதியைக் கைக்கொண்டு அங்கேயே இறந்தார் என்பது அதன் பொருள். ஆனால் அக்குறிப்பில் பெயர்கள் எழுதப்பட்டுள்ள வடிவம் பத்தாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதன்று. நிகழ்ச்சிக்கும் பதிவுக்கும் நானூறு ஆண்டு இடைவெளி உண்டு. ஆண்டுப்பதிவு என்ற பெயரினாலேயே அதைச் சமகாலச் சான்றாகக் கொள்வது தவறு.

இதற்கு முன்னர், 731இல் தம் திருச்சபை வரலாற்றை முடித்த பீட், பிக்டுகளின் நிலத்துக்கு அயர்லாந்திலிருந்து ஒரு கூட்டம் வந்ததாக எழுதுகிறார். அக்கூட்டத்தின் தலைவராக அவர் கூறுபவர் ரியூடா, ஃபெர்கஸ் அல்லர். நட்பினாலோ வாளினாலோ அவர்கள் நிலம் பெற்றனர் என்று மட்டும் கூறி, காலம் எதையும் சுட்டாமல் பீட் நகர்ந்துவிடுகிறார். தால் என்ற சொல் பகுதி எனப் பொருள்படும் என அவர் தரும் விளக்கத்தைப் பார்க்கும்போது, ரியூடா என்ற தலைவரே இனப்பெயரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவரோ என்ற ஐயம் எழுகிறது. பெயருக்குக் காரணம் தேடும் மரபில் இத்தகைய மூதாதையர் தோன்றுவது இயல்பே.

மூன்றாவது கதை பெரும்பாலும் கவனிக்கப்படாதது. பேட்ரிக்கின் முப்பகுதி வரலாறு எனப்படும் அயர்லாந்து நூலில் ஃபெர்கஸ் அன்ட்ரிம் நிலத்தில் பேட்ரிக்கைச் சந்திக்கிறார். தம் பங்கிலிருந்து அவருக்கு நிலம் அளிக்கிறார். அவர் வழியில் வருவோர் இந்நாட்டையும் பிக்டுகளின் ஃபோர்ட்ரியு நாட்டையும் ஆள்வர் எனப் பேட்ரிக் வாழ்த்துகிறார். அவ்வாழ்த்து நிறைவேறியது ஆல்பாவை வலிந்து கைப்பற்றிய ஏடான் மாக் கப்ரானிடத்தில் என அந்நூல் முடிக்கிறது. கடல் கடந்து வென்றவராக இங்கே சுட்டப்படுபவர் ஃபெர்கஸுக்கு மிகப் பிற்பட்ட ஒரு வழித்தோன்றல்.

ரியூடா, ஃபெர்கஸ், ஏடான் என வென்றவர் மூவர்; காலமும் மூன்று. இவற்றை இணைத்து ஒரே வரலாறாக்கும் முயற்சி பயன் தராது. ஒவ்வொரு கதையையும் அது தோன்றிய காலத்தின் தேவையோடு சேர்த்துப் படிப்பதே முறை. ஃபெர்கஸ் பெயர் நிலைபெற்ற காலத்தில் ஆல்பாவின் அரசர்கள் தம் குலவரிசையை அவரிடம் கொண்டு சேர்த்தனர் என்பதைக் கருதினால், மற்ற இருவரும் ஏன் பின்தள்ளப்பட்டனர் என்பது விளங்கும்.

காம்பெலின் மறுப்பு எதுவரை செல்லும்?

காம்பெலின் வாதத்தில் வலிமையானது பொருட்சான்று. அக்கால அயர்லாந்தில் ஆயிரக்கணக்கில் காணப்படும் வட்டவடிவ மண்கரை வீடுகள் ஆர்கைலில் இல்லை. ஏரிக்குள் அமைக்கப்பட்ட செயற்கைத் தீவு வீடுகள் ஆர்கைலில் இரும்புக் காலத்திலேயே உள்ளன. அயர்லாந்தில் அவை பெருகுவது பின்னர். உயர்குடியினர் அணிந்த ஊக்குகளும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிய பெயர்வைக் காட்டவில்லை. மக்கள் திரளாகப் பெயர்ந்தனர் என்ற கூற்று இவற்றின் முன் நிற்காது.

ஆனால் இம்மறுப்பிலிருந்து அவர் செல்லும் அடுத்த படி அவ்வளவு உறுதியானதன்று. ஆர்கைலில் கேலிக் மொழி இரும்புக் காலம் முதலே வழங்கியது என்பது அவர் முடிவு. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி கின்டயர்ப் பகுதியில் எப்பிடி என்ற இனத்தாரைக் குறிக்கிறார். குதிரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அப்பெயரில் உள்ள பகர ஒலி பிரித்தானியக் கெல்டிக் கிளைக்கு உரியது. கேலிக் கிளையில் அவ்விடத்தில் ககர ஒலி வரவேண்டும். பிரித்தானிய மொழி பேசிய ஒருவர் வழியாகப் பெயர் தாலமியை எட்டியதால் ஒலி மாறியது எனக் காம்பெல் விளக்குகிறார். இது நடந்திருக்கக்கூடியதே. எனினும் கிடைத்த ஒரே பழஞ்சான்று எதிராக நிற்கும்போது அதை விளக்கி விலக்குவது வேறு. தம் கூற்றுக்குச் சான்று காட்டுவது வேறு.

பிரித்தானியக் கெல்டிக் இடப்பெயர்கள் ஆர்கைலில் இல்லை என்பதும் அவர் காட்டும் சான்று. ஐலா, மல் ஆகிய தீவுகளில் நார்ஸ் மொழியினர் வந்த சில நூற்றாண்டுகளுக்குள் பல பழைய பெயர்கள் மறைந்து புதிய பெயர்கள் பதிந்தன. இடப்பெயர் அடுக்கு ஒன்று முற்றாக அழியக்கூடும் என்பதற்குச் சான்று அதே நிலத்திலேயே உள்ளது. அன்றியும் வீட்டின் வடிவம் மொழியைச் சொல்லாது. ஊக்கு அரசமரபைச் சொல்லாது. பெருந்திரள் குடியேற்றம் நிகழவில்லை என்பதைக் காம்பெல் நிறுவியுள்ளார். மொழியும் அரசகுலமும் எவ்வாறு பரவின என்பதை அச்சான்றுகளைக் கொண்டு எவராலும் நிறுவ இயலாது.

அடோம்னானின் எல்லைக்கோடு

இவ்விவாதத்தில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் நூலும் மிகக் குறைவாக முழுமையாகப் படிக்கப்படும் நூலும் ஒன்றே. அது அயோனா மடத்தின் தலைவராக இருந்து 704இல் இறந்த அடோம்னான், 700ஐ ஒட்டி எழுதிய கொலும்பா வரலாறு. 563இல் அயர்லாந்திலிருந்து வந்து 597இல் இறந்த கொலும்பாவின் செயல்களை அது கூறுகிறது. தால் ரியாட்டாவின் நிலப்பரப்புக்குள் வாழ்ந்த ஒருவரின் கையெழுத்துக்கு மிக அணுக்கமான நூல் அது. 713இல் இறந்த டோர்பேனே என்ற அயோனாத் துறவி எழுதிய படி இன்றும் ஷாஃப்ஹவுசனில் உள்ளது.

கடல் கடந்து வந்து நிலம் வென்ற மூதாதையர் எவரையும் அடோம்னான் பேசவில்லை. மாறாக அவர் ஓர் எல்லையைத் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார். அது பிரித்தானியத்தின் முதுகெலும்பு என அவர் அழைக்கும் மலைத்தொடர். அதன் மேற்கே ஸ்காட்டியர், கிழக்கே பிக்டுகள். பிக்டு நிலத்தவரிடம் கொலும்பா பேசும் இடங்களில் இருமுறை மொழிபெயர்ப்பாளர் தோன்றுகிறார். அயர்லாந்திலிருந்து வரும் விருந்தினரிடம் அப்படி ஒருவர் தேவைப்படுவதில்லை. கடற்பயணமோ அன்றாடச் செய்தி: மரம் ஏற்றிய படகுகள், காற்றுக்காகக் காத்திருக்கும் துறவிகள், மல் தீவின் கரையில் நின்று அயோனாவுக்குக் குரல் கொடுக்கும் வழிப்போக்கர்கள். கால் பிரான்சுக்குரிய கப்பலோட்டிகள் நாட்டின் தலைமையிடத்துக்கு வந்து சேர்ந்ததாகவும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆர்கைலின் டுனாட் கோட்டையில் ஆலன் லேனும் காம்பெலும் வெளிக்கொணர்ந்த கால் நாட்டு மட்கலங்களை அதனுடன் வைத்துப் பார்க்கலாம்.

இதைக் கொண்டு கடல் பிரிக்கவே இல்லை என முடிவுகட்டுவதும் பிழையாகும். அடோம்னானுக்கு ஸ்காட்டியா என்பது அயர்லாந்து மட்டுமே. ஆர்கைலில் வாழ்வோரைப் பிரித்தானியத்து ஸ்காட்டியர் என அடைமொழியிட்டே குறிக்கிறார். மொழி ஒன்று, நிலப்பெயர் வேறு. இந்த இரட்டை நிலையை அவர் இயல்பாகவே எழுதிச் செல்கிறார். தோற்றம் தேடும் ஆய்வாளர்களுக்குத்தான் அது இடர் தருகிறது.

கப்பல் கணக்கில் இல்லாத கரை

அவ்வாறாயின் இரு கரையையும் ஒருவரே ஆண்டதற்குச் சான்று யாது? பெரும்பாலும் காட்டப்படுவது ட்ருயிம் கெட் மாநாடு. ஏடானும், கொலும்பாவின் உறவினரும் ஈ நீல் குலத்தவருமான ஏட் மாக் அய்ன்மிரேக்கும் அங்குச் சந்தித்தனர். ஆண்டுப்பதிவு அதனை 575இல் வைக்கிறது. இன்றைய ஆய்வாளர் பலர் 590ஐ ஒட்டியது என்பர். அன்ட்ரிம் பகுதியினர் தரைப்படையை அயர்லாந்து அரசருக்கும், கப்பற்படையை ஆல்பா அரசருக்கும் அளிக்கவேண்டும் என அங்கே தீர்ப்பானது என்கின்றனர். நாடு இரண்டாயினும் அரசு ஒன்றாக இருந்ததற்கு இதுவே சாசனம் போல எடுத்தாளப்படுகிறது. ஆனால் இத்தீர்ப்பு வருவது கொலும்பாவைப் போற்றும் பழம்பாடலுக்குப் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட முன்னுரையில். மாநாட்டை அறிந்திருந்த அடோம்னான் அதனைக் குறிப்பிடவில்லை.

இதனோடு ஒப்பிட்டுச் சோதிக்கத்தக்க ஆவணம் ஒன்று உண்டு. சென்கஸ் ஃபெர் நால்பன் எனப்படும் அக்குறிப்பு ஆல்பா மக்களின் குலவரிசையையும் படைக்கணக்கையும் ஒருங்கே தருகிறது. இன்றுள்ள வடிவம் பத்தாம் நூற்றாண்டினது. அடிப்படை ஏழாம் நூற்றாண்டினது என்பது ஜான் பேனர்மனின் கருத்து. கெனேல் கப்ரான் குடிக்கு 560 வீடுகள், கெனேல் ஓங்கஸுக்கு 430, கெனேல் லோர்னுக்கு 420. இருபது வீட்டுக்கு ஏழு பலகைப் படகு இரண்டு அனுப்பவேண்டும். பலகைக்கு இருவர் எனக் கொண்டால் இருபது வீடு 28 துடுப்பாளரைத் தரவேண்டும். 1410 வீடுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 140 படகுகளும் 2000 ஆட்களும் ஆகும். வீட்டுக்கு ஓர் ஆளுக்கும் மேற்பட்ட இக்கணக்கு, வீடு என்பது சிறு குடும்பமன்று, வரி அலகு என்பதைக் காட்டுகிறது. எழுதியவரின் ஆசையும் அதில் கலந்திருக்கலாம்.

ஏர்க்கின் மக்கள் பன்னிருவரில் அறுவர் ஆல்பாவைக் கொண்டனர், அறுவர் அயர்லாந்தில் தங்கினர் என அதன் குலவரிசைப் பகுதி கூறுகிறது. கணக்குப் பகுதியிலோ அன்ட்ரிமின் ஒரு வீடும் இல்லை. கப்பற்படையே ஆல்பா அரசருக்கு உரியது என ட்ருயிம் கெட்டில் தீர்ப்பாகியிருந்தால், கப்பல் கணக்கெடுக்கும் ஆவணம் விடக்கூடாத கரை அதுவே. ஒன்று தீர்ப்பு பிற்காலத்தார் படைத்ததாக இருக்கவேண்டும். அல்லது கணக்கு எழுதப்பட்ட காலத்தில் அது நடைமுறையில் இல்லாமற் போயிருக்கவேண்டும். எவ்வாறாயினும் சாசனம் என்ற நிலையிலிருந்து அது இறங்கிவிடுகிறது.

எஞ்சுவது ஆண்டுப்பதிவுகள். 574ஐ ஒட்டி அரசேற்ற ஏடான் ஆர்க்னித் தீவுகள் மீதும் மான் தீவு மீதும் படை நடத்தி, 603இல் டெக்சாஸ்தானில் நார்த்தம்பிரிய அரசர் எதெல்ஃபிரித்திடம் தோற்றார். 627இல் ஆர்டு கொரான் போரில் தால் ரியாட்டா வெல்ல, உலாட் அரசர் ஃபியக்னா மாக் தெம்மாய்ன் வீழ்ந்தார். 629இல் ஃபிட் ஓய்ன் போரில் தால் ரியாட்டா அரசர் கொன்னாட் கெர் வீழ்ந்தார். இரண்டும் அயர்லாந்து மண்ணில் நிகழ்ந்தவை. 637இல் மாக் ராத் போரில் டொம்னல் பிரெக், உலாட் அரசர் கொங்கலுடன் சேர்ந்து ஈ நீல் அரசர் டொம்னல் மாக் ஏடோவை எதிர்த்துத் தோற்றார். ஏடான் வழியினர் தம் உறவினரைத் தாக்கலாகாது எனக் கொலும்பா முன்னரே எச்சரித்திருந்தார் என்றும், அதை மீறியதால் நாடு அந்நியர் கையில் துன்புறுகிறது என்றும் மடத்தலைவர் கும்மேனே எழுதியதை டோர்பேனே தம் படியில் சேர்த்திருக்கிறார். கொலும்பாவும் அடோம்னானும் ஈ நீல் குலத்தவர் ஆதலின் இத்தீர்ப்பில் சார்பு உண்டு. ஆயினும் அத்தோல்வியை அயோனா ஒரு முடிவாகக் கண்டது என்பது தெளிவு.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இருகரை அரசு என்பது ஏடான் முதல் டொம்னல் பிரெக் வரையிலான ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் முயற்சியாகவே தெரிகிறது. அது கப்பல்களால் தாங்கப்பட்டது. போரில் தோற்றபோது உடைந்தது. அதற்குப் பிந்திய பதிவுகளில் போர்கள் ஆர்கைலுக்குள் திரும்புகின்றன: 683இல் டுனாட் முற்றுகை, 719இல் கெனேல் கப்ரானும் கெனேல் லோர்னும் தமக்குள் நிகழ்த்திய கடற்போர், 736இல் பிக்டு அரசர் ஓங்கஸ் டுனாட்டைக் கைப்பற்றியது. 733ஐ ஒட்டி மட்டும் ஆண்டுப்பதிவு தால் ரியாட்டாவின் கப்பற்படை அயர்லாந்துக்கு வந்ததைக் கூறுகிறது. பலர் கொல்லப்பட்டனர், பலர் பான் ஆற்றில் மூழ்கினர். அப்படையை நடத்தி வந்தவர் தால் ரியாட்டா அரசர் அல்லர். ஈ நீல் கிளையான கெனேல் கொனலின் அரசர் ஃபிளாத்பெர்தக்.