அட்டையில் ஒரு துளை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டுத்தறிகளில் தொங்கும் ஜக்கார்டு அட்டைகளுக்குத் தெரிந்தது இரண்டே: துளை உண்டு, துளை இல்லை. துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும். இல்லாவிட்டால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். பிரான்சின் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய இந்த ஏற்பாடே பின்னாளில் கணினியின் துளையட்டைக்கு முன்னோடி.

பிழை நேர்ந்தால்?

சேலைக் கரையில் நெய்யும் அன்னத்தின் அலகு பிசகினால், அது எங்கே திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் அன்னத்திலும் அதே ஊடையில் வந்தால் குற்றம் அட்டையில். கரை நெடுக ஒரே இழையில் ஓடினால் கொக்கியிலோ ஊசியிலோ. என்ன அழகான பகுப்பு!

அட்டைதான் என்றால், கட்டத்தாள் வரைபடத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்க்கிறார்கள். அதிகப்படியான துளையைத் தாள் ஒட்டி அடைக்கிறார்கள்; விட்டுப்போனதைக் குத்துகிறார்கள்.

பட்டு வாங்கக் காஞ்சிக்குப் போகிறவர்கள் தறியடிக்கும் போய் அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.