சேர்ந்து நகர்தலும் சேர்ந்து பிறத்தலும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையையும் தாண்டி, விளக்கொளி எட்டாத ஒரு மேட்டில் சித்திரை மாதத்துப் பின்னிரவில் நின்று தெற்கு நோக்குகிறவர்களுக்கு விருச்சிகத்தின் காட்சியை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் அனுஷம் என்று பெயரிட்ட நட்சத்திரங்களும் செந்நிறக் கேட்டையும், நமக்குச் சில நூறு ஒளியாண்டுத் தொலைவில் பரந்து கிடக்கும் விருச்சிக–சென்டாரஸ் கூட்டத்தைச் சேர்ந்தவை. நாலரை பில்லியன் வயதுள்ள நம் சூரியனுக்கு முன்னால் பால்மணம் மாறாத குழந்தைகள். சென்ற கோடையில் அவ்விடத்தில் என்னோடு நின்ற இளம் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், நிறமாலை எடுத்துக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டதென்றும், கயா விண்கலத்தின் அட்டவணையும் நல்ல கணிப்பொறியும் இருந்தால் எந்த நட்சத்திரம் எந்தக் கூட்டத்தது, அதன் பிராயம் என்ன என்பதையெல்லாம் நாற்காலியை விட்டு எழாமலே தீர்மானித்துவிடலாம் என்றும் சொன்னார். அவர் ஒருவரின் அபிப்பிராயமாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இத்துறையின் இன்றைய நாகரிகமே அதுவாக இருக்கிறது.

அந்த முறையின் பெருமையை மறுக்கிறவன் மூடன். 1914-இல் வானியலார் காப்டெய்ன் இந்தப் பகுதியின் நீல நட்சத்திரங்கள் ஒன்றாக நகர்வதை ஆராய்ந்தார். 1947-இல் அம்பர்த்சூமியான், இத்தகைய தளர்ந்த கூட்டங்கள் நெடுங்காலம் நிலைக்க மாட்டாதவை, ஆதலால் இளமையானவை என்று வாதித்தார். 1999-இல் ஹிப்பார்க்கஸ் விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு 521 அங்கத்தினர் கணக்கிடப்பட்டனர். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, கயாவின் துணையால் 13,000-க்கும் மேற்பட்டவற்றை 37 கொத்துகளாகப் பிரித்துக் காட்டியது. இருபத்து நான்கு ஆண்டுகளில் இவ்வளவு! இதற்கு மேல் புகழ்வதற்கு இங்கே இடமில்லை.

என் ஆட்சேபம் பழையது. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். மலையில் பிறந்து வளர்ந்து சந்தைக்கு வந்து திரும்புகிற மலையாளிக் குடியினரும் அதில் இருப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாரும், மேகம் அருவி பார்க்கப் புறப்பட்ட பட்டணத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரே வேகத்தில் ஒரே திசையில் செல்கிறார்கள் என்ற பிரமாணத்தைக் கொண்டு அனைவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று ஒருவன் சாதித்தால், நடத்துநரே சிரிப்பார். விண்ணில் இதைச் சொன்னால் மட்டும் நிகழ்தகவு என்ற பட்டம் கட்டி மேடையேற்றுகிறோம்.

இந்தப் பிரமாணம் முழுமையானதுமன்று. கயா ஏறத்தாழ 146 கோடி நட்சத்திரங்களுக்கு இடத்தையும், தூரத்தையும், வானத்தில் குறுக்கே நகரும் வேகத்தையும் அளந்திருக்கிறது. ஆனால் நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ செல்லும் மூன்றாவது வேகத்தை, 2022-ஆம் ஆண்டு வெளியீட்டில், சுமார் 3 கோடியே 38 லட்சத்துக்கு மட்டுமே தந்திருக்கிறது. மங்கலான சிறு நட்சத்திரங்களே இத்தகைய கூட்டங்களில் பெரும்பான்மை. அவற்றுக்குத்தான் அந்த மூன்றாவது எண் இல்லை.

வயது விஷயத்திற்கு வருவோம். என் மனத்தை அறுப்பது அதுதான். குறிப்பிட்ட நிறத்துக்கு உரிய பிரகாசத்தைவிட அதிகமாக ஒளிர்கிறது, ஆகவே இன்னும் சுருங்கி முடியாத இளம் நட்சத்திரம் என்று ஒன்றைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். பிறகு அதே பிரகாசத்தை எடுத்துக்கொண்டு பட்டியலின் வயதைக் கணிக்கிறார்கள். கணித்த வயது இளமையாக வந்ததைக் கண்டு, தேர்வு சரியென்று மகிழ்கிறார்கள். தான் எழுதிய கடிதத்தைத் தானே தபாலில் போட்டு, மறுநாள் அது வந்ததும் ஆனந்தப்படுகிறவனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிரித்தறிய முடியாதபடி நெருங்கிய இரு சம நட்சத்திரங்கள் ஒற்றையாகத் தோன்றினால் பிரகாசம் இரட்டிக்கும்; குளிர்ந்த இளம் நட்சத்திரம் சுருங்கும் கணக்கின்படி, அந்த ஜோடியின் வயது உண்மை வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகத் தெரியும். இந்தக் கூட்டத்தின் விருச்சிகப் பகுதிக்கு 50 லட்சம் ஆண்டு என்று நெடுநாள் ஓதிவந்தார்கள். 2012-இல் பெக்காட், மாமாஜெக், பூபார் மூவரும் வெப்பம் மிக்க நட்சத்திரங்களை ஆராய்ந்து 1 கோடியே 10 லட்சம் என்றார்கள். நட்சத்திரம் மாறவில்லை, வயது இரட்டித்துவிட்டது. இப்படிப்பட்ட அஸ்திவாரத்தின்மேல் 37 மாடி எழுப்பி, மாடிக்கொரு வயதும் எழுதி மாட்டுவது கணிதமல்ல, கணிதத்தின் வேஷம்.

நட்சத்திரத்தைக் கேட்காமல் நட்சத்திரத்தின் பிராயத்தைச் சொல்லக் கூடாது என்பதே என் வாதம். கேட்பது என்றால் நிறமாலை எடுப்பது. சிறு நட்சத்திரத்தின் உட்பகுதி சூடேறச் சூடேற லித்தியம் எரிந்து அழிந்துபோகும். 6708 ஆங்ஸ்ட்ராம் அருகே அதன் கோடு ஆழமாகத் தெரிந்தால், அந்த நட்சத்திரம் இன்னும் குழந்தை. லித்தியமும் ஏமாற்றும்: சூரியனை ஒத்தவை கார்த்திகைக் கூட்டத்தின் வயதிலும், அதாவது 10 கோடி ஆண்டு கடந்தும், அதை வைத்திருக்கும். ஆயினும் அது பிரகாசத்தையும் நகர்வையும் சாராத தனிச் சாட்சி. தனிச் சாட்சி ஒன்று இல்லாத வழக்கில் எந்த நீதிபதி தீர்ப்பெழுதுவார்? நம் மாணவரோ, பதின்மூன்றாயிரத்துக்கும் நிறமாலை எடுக்க ஆயுள் போதாது என்கிறார். போதாதுதான்; அப்படியானால் எடுக்காதவற்றை "உறுதியாகாதவை" என்று எழுதிவைப்பதில் என்ன மானக்குறைவு?

கல்வராயனுக்கு வடக்கே, தென்பெண்ணைக்கு அப்பால், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலார் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த அந்த இடத்தில் 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அந்த வானாய்வு மரபில் வந்த இராஜமோகன் 1970-களிலேயே இதே விருச்சிக–சென்டாரஸ் நட்சத்திரங்களை நிறமாலை வழியே ஆராய்ந்தவர். அந்த மரபைப் பழங்கதையாக்கிவிட்டு அட்டவணைகளுக்கு அடிமைப்படுவதைவிட, பங்குனி சித்திரைப் பின்னிரவுகளில் சிலவற்றை ஒதுக்கி, முப்பத்தேழில் ஒரே ஒரு கொத்தையாவது, எட்டக்கூடிய பிரகாசமுள்ள அங்கத்தினர் அத்தனை பேரையும் ஒருவர்பின் ஒருவராக, லித்தியக் கோட்டுக்காகச் சோதிக்கும்படி அங்குள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காவலூரிலிருந்து பார்த்தால் கேட்டை தெற்கே 51 பாகை உயரம் வரை ஏறுகிறது.