சுகாசனத்தின் வேகம்

ரோடு பைக் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் அதைத் தூக்கித்தான் பார்க்கிறார்கள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற கணக்கு மலை ஏறும்போது சரிதான். ஆனால் ஒரு நல்ல ரோடு பைக்கின் நயம் தராசில் தெரியாத இடங்களில் இருக்கிறது: டயரின் அகலத்தில், ஹேண்டில்பாரின் உயரத்தில், சீட்டின் நடுவே வெட்டிவிட்ட ஒரு பள்ளத்தில். வேகத்தையும் சுகத்தையும் எதிரெதிராக வைத்துப் பேசுவது சைக்கிள் உலகின் பழைய வழக்கம். நூறு கிலோமீட்டர் தாண்டும் பயணத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இதை நிரூபித்த சாலை வட பிரான்ஸில் இருக்கிறது. 1896-ல் தொடங்கிய பாரிஸ்–ரூபே பந்தயத்தின் தூரம் இப்போது சுமார் 260 கி.மீ. அதில் 50 கி.மீ.க்கு மேல் கல் பாவிய பழைய வயல்வெளிச் சாலைகள். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மட்டத்தில் நிற்கும். மழை பெய்தால் மேலே சேறு வழுக்கும். 1992-லும் 1993-லும் இதை வென்ற ஜில்பேர் டுக்லோ-லஸால், மலைச் சைக்கிளில் இருப்பதுபோன்ற அதிர்வு தாங்கும் முன் ஃபோர்க்கைப் பூட்டி ஓட்டினார். இரண்டாம் முறை வென்றபோது அவருக்கு வயது 38. அந்த ஃபோர்க் பந்தயத்தில் நிலைக்கவில்லை. எடை கூடியது, மிதித்த விசையில் கொஞ்சத்தை அதுவே தின்றது. ஆனால் உடம்பை உலுக்காத வண்டிதான் முந்தும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. இன்று அதே கற்களின் மேல் 30 மி.மீ.க்கும் அதிக அகலமுள்ள டயர்கள் குறைந்த காற்றோடு ஓடுகின்றன. 2024-ல் மாத்தியூ வான் டெர் பூல் வென்றபோது சராசரி வேகம் மணிக்கு 47 கி.மீ.க்கு மேல்.

டயருக்குள் நடப்பதைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். முன்பெல்லாம் 23 மி.மீ. டயரில் 120 பி.எஸ்.ஐ. வரை காற்றை அடைத்து, கல்லாய் இறுகினால்தான் வேகம் என்று நம்பினார்கள். கண்ணாடிபோல் வழவழப்பான தளத்தில் அது பலிக்கும். நிஜச் சாலையில் ஒவ்வொரு சிறு மேடும் வண்டியையும் ஆளையும் மேலே தூக்கிப் போடுகிறது. அந்த ஆற்றல் தசைக்குள் அதிர்ந்து, சூடாகி வீணாகிறது. சியாட்டிலைச் சேர்ந்த பைசைக்கிள் குவார்ட்டர்லி இதழின் ஆசிரியர் யான் ஹைனே, நெடுஞ்சாலை ஓரத்தில் தூங்கும் ஓட்டுநரை எழுப்ப வெட்டிவைக்கும் வரிப்பள்ளங்களின் மேலேயே ஓட்டி இந்த இழப்பைச் சோதித்துக் காட்டினார். இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர் தரையைத் தொடும் தடம் குட்டையாகவும் அகலமாகவும் விழுகிறது. அதனால் டயரின் பக்கச் சுவர் மடங்குவது குறைகிறது. ஒல்லி டயரின் தடமோ நீளமானது. அதுதான் அதிகம் வளைந்து நெளிகிறது.

ஃபிரேமுக்கு வருவோம். 2004-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ரூபே என்ற பெயரிலேயே ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. பந்தய வண்டியைவிட முன்கழுத்துப் பைப் கொஞ்சம் உயரம். சக்கரங்களுக்கு இடையே தூரமும் கொஞ்சம் அதிகம். 2012-ல் வந்த ட்ரெக் டொமானியில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று இருக்கிறது. சீட் பைப்பை மேல் பைப்போடு ஒட்டிவிடாமல் ஒரு பேரிங்கில் கோத்தார்கள். குழி வரும்போது சீட் பைப் மட்டும் மெல்லப் பின்னால் வளைந்து நிமிரும். மிதிக்கும் விசையைத் தாங்கும் கீழ்ப்பகுதியோ விறைப்பாகவே இருக்கும். எங்கே இளக வேண்டும், எங்கே இளகக் கூடாது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்த கைவேலையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஹேண்டில்பார் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தால் காற்றில் தோற்றுவிடுவோமே என்று சிலர் தயங்குவார்கள். சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தில் நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே போகிறது. அந்தத் தடையில் பெரும்பகுதி நம் உடம்பு. ஆனால் மிகவும் தாழ்ந்த ஹேண்டில்பாரில் ஒரு மணி நேரம் குனிந்தவர், அடுத்த மூன்று மணி நேரம் கழுத்து வலித்து நிமிர்ந்துவிடுகிறார். சற்றே உயர்ந்ததில் முழங்கையை மடக்கிக் கடைசிவரை குனிந்திருப்பவரே காற்றை வெல்கிறார்.

வண்டி ஆளைச் சந்திக்கும் முக்கியமான இடம் சீட். நாம் உட்காருவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளின் மேல். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் ஒரே சீட் 143, 155 மி.மீ. என்று பல அகலங்களில் வருகிறது. மெத்தென்ற சீட்டைக் கடையில் அமுக்கிப் பார்த்து மயங்கக் கூடாது. அந்த இரு முனைகளும் மெத்தையில் புதைந்ததும், நடுவில் மேடிட்ட பஞ்சு, நரம்பும் ரத்தக்குழாயும் போகும் மென்மையான இடத்தை அழுத்தும். சிறிது நேரத்தில் மரத்துப்போகும்.

பஞ்சே இல்லாத சீட்டின் உச்சம் ப்ரூக்ஸ் பி17. ஜான் போல்ட்பீ ப்ரூக்ஸ் 1866-ல் பர்மிங்ஹாமில் தோல் தொழில் தொடங்கினார். 1882-ல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பி17 பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வருகிறது. இன்றும் பக்கத்து ஊரான ஸ்மெதிக்கில் தயாராகிறது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக நம் தெருக்களுக்கு வந்த பெயர்களுக்கும் அதே வட்டாரம்தான் பூர்வீகம். இரும்புச் சட்டத்தின் இரு முனைகளுக்கு இடையே இழுத்து ரிவெட் அடித்த தடித்த தோல், அவ்வளவுதான் அந்த சீட். புதுத் தோல்செருப்பு காலுக்குப் பழகுவதுபோல, வேர்வையிலும் சூட்டிலும் அது உட்காருகிறவருக்குப் பழகி, இரண்டு எலும்புக்கும் இரண்டு குழி விழும். தொய்ந்தால் மூக்கின் அடியில் இருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் திருகினால் போதும். மழையில் மட்டும் உறை போட்டுக் காக்க வேண்டும்.

குனிந்து ஓட்டுகிறவருக்கு வேறு சீட் வேண்டும். குனியும்போது இடுப்பு முன்னால் சுழன்று, சீட்டின் நீள மூக்கு உறுத்தும். 2015-ல் வந்த ஸ்பெஷலைஸ்டு பவர் அந்த மூக்கையே மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்து, நடுவில் அகலப் பள்ளமும் வெட்டியது. இப்போது பல நிறுவனங்களும் அந்த வடிவத்தைப் பின்பற்றுகின்றன.

சீட்டைப் பொருத்துவதிலும் மில்லிமீட்டர் பேசும். உள்காலின் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டின் மேல்விளிம்பு வரை வேண்டிய உயரம் கிடைக்கும். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார் வழியாகப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு இது. உள்கால் 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ.யில் தொடங்கலாம். சீட் மட்டமாக இருக்கட்டும். மூக்கு ஏறினால் அழுத்தும், இறங்கினால் பாரமெல்லாம் உள்ளங்கைக்கு வரும்.

வாங்குகிறவர்கள் 32 மி.மீ. டயருக்கு இடமுள்ள ஃபிரேமையும், தம் எலும்புக்கு அளந்த சீட்டையும் முதலில் தேடட்டும். விலையுயர்ந்த சக்கரங்கள் பிறகு வரலாம். வலியில்லாமல் இறங்கியவருக்குத்தான் மறுநாள் காலையிலும் ஏறத் தோன்றும். தினமும் ஏறுகிறவருக்குக் கால் வலுக்கும். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத வேகம் அப்படித்தான் சேர்கிறது.